விண்ணப்பத்தில் உங்கள் வார்டு தெரியட்டும்

"சிறு வயதிலிருந்தே பிறருக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற ஆர்வம் எனக்கு உண்டு."

நர்சிங் மேற்படிப்புக்கு வரும் விண்ணப்பங்களைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பிப்பவர் எழுதும் நோக்க அறிக்கைகளில் பெரும்பாலானவை இந்த வரியிலோ, இதே சாயலில் உள்ள ஒரு வரியிலோதான் தொடங்குகின்றன. எழுதியவர்கள் மனதார எழுதியதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வரியை வெட்டி எடுத்து வேறு யாருடைய விண்ணப்பத்தில் ஒட்டினாலும் பொருந்திவிடும். தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அதிலிருந்து உங்களைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை.

என்னிடம் படித்து, ஐந்து வருடம் மருத்துவ வார்டில் வேலை பார்த்த ஒரு பெண் தன் அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் வரி மேலே சொன்ன அதே வரி. தாளை ஓரமாக வைத்துவிட்டு, "எந்த நைட் டியூட்டி உனக்கு இன்னும் மறக்கவில்லை?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

ஒரு நோயாளி. சார்ட்டில் சுவாச எண்ணிக்கை ஒவ்வொரு ஷிப்டிலும் 18, 18, 18 என்றே இருந்திருக்கிறது. அவர் பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவதைக் கவனித்தவள், கடிகாரத்தைப் பார்த்தபடி முழு ஒரு நிமிடம் எண்ணியிருக்கிறாள். 26. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய 'நியூஸ் 2' என்ற, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் மதிப்பெண் கணக்கில் 18-க்கு மதிப்பெண் பூஜ்யம். 25-ஐத் தொட்டாலே 3. அந்த ஒரே அளவில் 3 வந்தாலே நோயாளியை உடனே மறுபடி பார்க்க வேண்டும். அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். விடிவதற்குள் அவரை ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள்.

"இது எல்லாரும் செய்வதுதானே மேடம், இதைப் போய் எழுதுவதா?" என்றாள்.

"அவளுக்கு முன்னால் சார்ட் எழுதியவர்கள் ஏன் எண்ணவில்லை?" என்பதுதான் எனக்கு எழுந்த கேள்வி. அதையே அவளிடம் கேட்டேன். ஆள் பற்றாக்குறையா, மானிட்டர் காட்டும் எண்ணை நம்பிவிடும் பழக்கமா, சுவாசத்தை எண்ணுவது அவ்வளவு முக்கியமில்லை என்று நம் பயிற்சியே சொல்லாமல் சொல்லிவிட்டதா? அரை மணி நேரம் பேசினோம். பேசி முடித்தபோது அவள் கையில் ஒரு ஆய்வுக் கேள்வி இருந்தது. அடுத்த வாரம் கொண்டுவந்த அறிக்கையில் சேவை என்ற சொல்லே இல்லை.

1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதாரச் செவிலியர், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயாளியைத் தானே பரிசோதித்துச் சிகிச்சையும் தரும் செவிலியர், ஆவதற்கான பயிற்சியைத் தொடங்கினார். தன் களப்பணியில், மருத்துவரை எட்ட முடியாத குழந்தைகளைக் கண்ணால் பார்த்தவர் அவர். இன்று இது போன்ற உயர்நிலைச் செவிலியப் பணிக்குக் குறைந்தது முதுநிலைப் பட்டம் வேண்டும் என்று சர்வதேசச் செவிலியர் கவுன்சில் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பரிந்துரைக்கிறது. அந்தப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் நீங்களும் வேலையில் கண்ட ஒரு குறையிலிருந்து தொடங்கலாம். அது பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

கேள்வி கிடைத்துவிட்டால் எந்தப் படிப்புக்குப் போவது என்பதும் பாதி தெளிவாகிவிடும். கற்பித்தல், நிர்வாகம், சிறப்பு மருத்துவப் பிரிவு, நர்ஸ் பிராக்டிஷனர் என்று பாதைகள் வேறு வேறு. சிலவற்றில் ஆய்வேடு கட்டாயம், சிலவற்றில் மருத்துவமனைப் பயிற்சி நேரமே பிரதானம். நிர்வாகப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு அறிக்கை முழுக்கக் காயப் பராமரிப்பு பற்றி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல செவிலியர்கள்தான், வந்து சேர்ந்த கதவுதான் தவறு.

இங்கே ஒரு எச்சரிக்கை. சம்பவத்தை எழுதும்போது நோயாளி யார் என்று கண்டுபிடிக்கும்படி எழுதிவிடாதீர்கள். அந்தப் பெண்ணின் இரண்டாவது அறிக்கையில் நோயாளியின் வயது, தொழில், அனுமதிக்கப்பட்ட மாதம், மருத்துவமனைப் பெயர் எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். மூச்சின் எண்ணிக்கை மட்டும் போதும். ரகசியம் காக்கத் தெரியாத செவிலியர் என்று குழு ஒருமுறை நினைத்துவிட்டால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மீள்வது கஷ்டம்.

அப்புறம், பரிந்துரைக் கடிதம். பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்கினால் எடுபடும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். "இவர் நேரம் தவறாதவர், பணிவானவர்" என்று நாலு வரியில் முடியும் கடிதத்தை யார் கையெழுத்திட்டிருந்தாலும் குழு தள்ளி வைத்துவிடும். உங்களோடு ஷிப்டில் நின்ற, அந்த ஷிப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸ், உங்கள் கேஸ் ஸ்டடியைத் திருத்திய ஆசிரியர், இவர்கள் எழுதுவதில்தான் உயிர் இருக்கும். "எனக்கு ஒரு கடிதம் தருவீர்களா?" என்று மட்டும் கேட்காமல், "என் வேலையைப் பற்றி விரிவாக எழுத முடியுமா?" என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள். சம்மதித்தால், நீங்கள் சேர்ந்து செய்த இரண்டு மூன்று வேலைகள், படிப்பின் பெயர், கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். குறைந்தது ஆறு வாரம் அவகாசம் தருவது நியாயம்.

நம் கையில் இல்லாத காகிதங்கள்தான் காலை வாரிவிடும். நான் முதன்முறை விண்ணப்பித்தபோது அறிக்கையைப் பதினொரு தடவை திருத்தினேன். ஆனால் செவிலியர் பதிவு கவுன்சில் நேரடியாக அனுப்ப வேண்டிய உரிமச் சரிபார்ப்புக்கு மூன்று வாரம் முன்னால்தான் எழுதிப் போட்டேன். கடைசித் தேதி கழிந்து ஒன்பதாவது நாள்தான் அது போய்ச் சேர்ந்தது. ஒரு வருடம் போனது போனதுதான். அதனால் முதல் நாளே செய்ய வேண்டியது இது: மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட், உரிமச் சரிபார்ப்பு, அனுபவச் சான்று மூன்றுக்கும் எழுதிப் போட்டுவிடுங்கள். அறிக்கையைப் பிறகு உட்கார்ந்து எழுதலாம். எல்லாச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் அன்றைக்கே பாருங்கள். ஒன்றில் முழுப் பெயர், இன்னொன்றில் இனிஷியல், உரிமத்தில் திருமணத்துக்குப் பிறகு மாறிய பெயர் என்று இருந்தால் சரிசெய்ய நாளாகும். ஐஇஎல்டிஎஸ், ஓஇடி போன்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்களைப் பொதுவாக இரண்டு வருடம் வரைதான் ஏற்பார்கள். பழைய மதிப்பெண்ணை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சுயவிவரத்தில் "நோயாளிகளைக் கவனித்துக்கொண்டேன்" என்று எழுத வேண்டாம். எத்தனை படுக்கை வார்டு, ஒரு ஷிப்டில் உங்கள் பொறுப்பில் எத்தனை பேர், புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்களா என்று எழுதுங்கள். வேலையில் இடைவெளி இருந்தால், ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்திருந்தால், காரணத்தை இரண்டு வரியில் நேராகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் அது பெரிதாகத் தெரியும்.

அந்தப் பெண்ணை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். முடிந்ததும் எனக்கு போன் செய்தாள். உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, "முழு நிமிடம் எண்ணினீர்களா, அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினீர்களா?" என்பதுதானாம்.

"முழு நிமிடம்" என்றிருக்கிறாள். "ஏன்?" என்று கேட்டிருக்கிறார்கள். மிச்ச நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.