காட்டுயிர்ப் பிணக்கு

யானை பயிரை மேய்ந்தாலும் 'மனித-வனவிலங்கு மோதல்', சிறுத்தை ஆட்டைத் தூக்கினாலும் அதே மோதல், ஊரார் ஆத்திரத்தில் விஷம் வைத்தாலும் மோதல்தான். ஆங்கிலத்தில் 'ஹ்யூமன்-வைல்ட்லைஃப் கான்ஃப்ளிக்ட்' என்பதற்குத் தமிழில் இப்படி எழுதுகிறார்கள், படித்துப் படித்துச் சலித்துவிட்டது.

கான்ஃப்ளிக்ட் என்ற ஆங்கிலச் சொல் இலத்தீன் வழி வந்தது. ஒன்றையொன்று அடித்துக்கொள்வது என்பது வேர்ப்பொருள். அப்போ மோதல் சரிதானே என்பீர்கள். வேருக்குச் சரி, இன்றைய பொருளுக்குப் பற்றாது. 2014 முதல் 2016 வரை கலிபோர்னியாக் கடலோரத்தில் கடல் வெப்ப அலை நீடித்தபோது, கூனல் திமிங்கிலங்கள் நெத்திலியைத் தேடிக் கரைப்பக்கம் வந்து நண்டுப் பொறிகளின் கயிற்றில் சிக்கின. சட்டம் காக்கும் உயிர் என்பதால் பின்னாளில் நண்டுப் பருவத்தையே தள்ளிவைக்க வேண்டிவந்தது, மீனவர் பிழைப்பில் கைவைத்தது. இதில் யார் யாரை மோதினார்கள்? கப்பல் திமிங்கிலத்தை இடிக்கிறதே, அதுதான் மோதல். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் அறிக்கை எழுதுகிறவர் என்ன செய்வார்?

இதைச் சரிசெய்கிறேன் என்று சிலர் 'எதிர்கொள்ளல்' என்கிறார்கள். நோக்கம் நல்லது, விலங்கைப் பகையாளி ஆக்க வேண்டாம் என்பது. ஆனால் தமிழில் எதிர்கொள்வது விருந்தினரை, மாப்பிள்ளையை, இல்லாவிட்டால் சவாலை. வழியில் கரடியைப் பார்த்து ஆளுக்கொரு பக்கம் ஓடுவதற்கு வேண்டுமானால் பொருந்தும், கரடி தேன்கூட்டை நாசமாக்கி வளர்த்தவர் நட்டப்படுவதற்கு எப்படிப் பொருந்தும்? 2022இல் ஏற்கப்பட்ட குன்மிங்-மான்ட்ரியல் பல்லுயிர் உடன்பாட்டின் 4ஆம் இலக்கு, மனிதருக்கும் காட்டுயிருக்கும் இடையிலான ஊடாட்டத்தை (இன்டராக்‌ஷன்) கையாண்டு கான்ஃப்ளிக்டைக் குறைக்கச் சொல்கிறது. ஒரே வரியில் இரண்டும் தனித்தனி. கான்ஃப்ளிக்டுக்கு எதிர்கொள்ளல் என்றால் ஊடாட்டத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்ட என்ன மிச்சம்? மூலத்தை ஒருமுறை முழுசாகப் படித்தால் மொழிபெயர்ப்பாளருக்கே தெரிந்துவிடும், யார் படிக்கிறார்கள்!

முரண்பாடு? அது கருத்துக்கு ஆகும், கரும்புத்தோட்டத்துக்கு ஆகாது.

என் ஓட்டு பிணக்குக்கு. பிணங்குதல் என்றால் ஒத்துப்போகாமை, பின்னிச் சிக்கிக்கொள்வதும்தான். கயிற்றில் மாட்டிய திமிங்கிலத்துக்கும் கயிற்றுக்காரருக்கும் இதைவிடப் பொருத்தமாக என்ன சொல்வது? புருஷன் பெண்டாட்டி ஊடல் மாதிரி இருக்கிறது என்பார்கள். இருக்கட்டுமே, அவர்களும் ஒரே இடத்தில் வாழ வேண்டியவர்கள்தானே. வனவிலங்கையும் விட்டுவிடலாம்: வயலில் இறங்கும் வாத்தை யாரும் விலங்கு என்பதில்லை, காட்டுயிர் என்றால் அதுவும் அடங்கும்.

அப்புறம் 'மோதல் மேலாண்மை' என்கிறார்களே, இந்த 'மேலாண்மை'யும் வேண்டாம். பிணக்கைத் தீர்ப்போம், முடியாவிட்டால் தணிப்போம். கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கடற்பனி முன்கூட்டியே உருகுவதால் பனிக்கரடிகள் கூடுதல் நாள் கரையில் பசியோடு திரிகின்றன. அந்தக் கரையில் உள்ள சர்ச்சில் என்ற ஊருக்குள் வருவதை முதலில் வெடிச்சத்தத்தால் விரட்டுகிறார்கள், அடங்காததைப் பிடித்து அடைத்துவைத்து அப்புறம் தொலைவில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதற்குப் பெயர் தணிப்பு.