லேப்ராஸ்கோப்பி: சொல்லும் தமிழும்

வயிற்றில் சிறு துளைகளிட்டு, அவற்றின் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் சோதிக்கும், அறுவை செய்யும் முறையே லேப்ராஸ்கோப்பி. அப்பெயரிலுள்ள ‘லபாரா’ என்னும் கிரேக்கச் சொல் விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள மென்மையான பகுதியை, அதாவது நம் வழக்கில் அள்ளை எனப்படுவதைக் குறிக்கும். ‘ஸ்கோபைன்’ என்பதற்கு உற்றுநோக்குதல் என்று பொருள். 1901இல் ஜெர்மானிய மருத்துவரான கியோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் காற்றைச் செலுத்திக் குழல் வழியே பார்த்துக்காட்டினார். 1910இல் ஸ்டாக்ஹோம் மருத்துவர் யாக்கோபேயஸ் இம்முறையை மனிதரிடம் கையாண்டு கட்டுரை வெளியிட்டார். 1911இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ‘லபாரா’ இடம்பெற்றது.

அக்காலத்தில் அது பெரும்பாலும் பார்ப்பதற்கான முறையாகவே இருந்ததால் பெயர் பொருந்தியது. 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் மருத்துவர் குர்ட் செம் குடல்வாலை இவ்வழியே அகற்றியதும், 1991இல் பெருங்குடல் அறுவைகள் பற்றிய கட்டுரைகள் வெளிவந்ததும் நிலைமையை மாற்றின. பெயர் மட்டும் நோக்குதலோடு நின்றுவிட்டது.

‘வயிற்றறை அகநோக்கல்’ என்பது நேர்பொருள். நோயறியும் சோதனைக்கு அது தகும். குடல் அறுவைக்கோ குழப்பம் தரும். ஆசனவாய் வழியே குடலின் உட்புறத்தைக் காணும் கொலோனோஸ்கோப்பியையும் பெருங்குடல் அகநோக்கல் என்றே சொல்கிறோம், லேப்ராஸ்கோப்பியிலோ குடலை வெளிப்புறமிருந்து காண்கிறோம். நாளிதழ்கள் பழக்கிவிட்ட ‘நுண்துளை அறுவை சிகிச்சை’யே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

பயிற்சி மருத்துவர்களுக்குச் சிக்கலே அந்தத் துளைதான். கருவி அதைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு திரும்புவதால் கை வலப்பக்கம் போனால் முனை இடப்பக்கம் போகும். திரையில் ஆழமும் தெரியாது. ஆகவே முதலில் கேமராவைப் பிடிக்கவும், பயிற்சிப் பெட்டிக்குள் சிறு வளையங்களை ஒரு கருவியால் எடுத்து, அந்தரத்திலேயே மறு கருவிக்கு மாற்றி, எதிர்ப்புற முளையில் மாட்டவும், பின்னர் முடிச்சுப் போடவும் பழக்குகிறார்கள். அமெரிக்காவில் பொது அறுவைத் துறையில் வாரியச் சான்று பெற, வளையம் மாற்றுதல், முடிச்சுப் போடுதல் போன்ற பணிகளைக் கொண்ட எஃப்.எல்.எஸ். என்னும் லேப்ராஸ்கோப்பி அடிப்படைத் திறன் தேர்வில் தேற வேண்டும். குடல் அறுவை இதனினும் கடினம், ஏனெனில் பித்தப்பையைப் போல ஓரிடத்தில் நில்லாமல் வயிற்றின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை சென்று, இரத்தக் குழாய்களைக் கட்டி, குடலை வெட்டி இணைக்க வேண்டியிருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு, வயிற்றைப் பெரிதாகக் கீறிச் செய்யும் திறந்த முறையையும் நுண்துளை முறையையும் 872 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2004இல் முடிவு வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, குறைந்தது 20 நுண்துளைக் குடல் அறுவைகளாவது செய்தவர்களையே ஏற்றது.

‘நுண்துளை’க்கும் ஒரு குறை உண்டு. வெட்டிய குடலை வெளியே எடுக்கப் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் நீளக் கீறல் தேவைப்படுகிறது. ஒப்புதல் படிவத்தில் ‘நுண்துளை வழிக் குடல் அறுவை’ என்று எழுதி, அக்கீறலையும் அடுத்த வரியில் குறிப்பிட்டுவிட்டால் நோயாளி தையலைக் கண்டு திகைக்கமாட்டார்.