எல்லோருக்கும் சுவாசம் 20

பொது மருத்துவ வார்டில் செவிலிய மாணவியர் நிரப்பிய டிபிஆர் சார்ட் (உடல் வெப்பம், நாடி, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று குறிக்கும் தாள்) ஒன்றை எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் ஏறி இறங்கியிருக்கும், நாடித்துடிப்பு மாறியிருக்கும். சுவாசம் மட்டும் 20, 20, 20 என்று அசையாமல் நிற்கும். நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் 20, நிமோனியாவில் திணறுகிறவருக்கும் 20.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அழைத்துச் சென்ற மூன்றாம் செமஸ்டர் மாணவி ஒருத்தி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சிரைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கும் அதே 20ஐ எழுதியிருந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணினேன். 34.

"எண்ணினாயாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை மேடம். ராத்திரி 20 இருந்தது, காலையிலும் 20 இருந்தது. அதனால்..."

திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஆனால் வார்டில் அவள் கண்ணெதிரே யாரும் அப்படி எண்ணியதில்லை, நான் உட்பட. பார்த்ததை அவள் கற்றுக்கொண்டாள்.

நோயாளியின் நிலை சரியப்போவதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் மூச்சின் வேகம் முக்கியமானது. பிரிட்டனில் 2012இல் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்றால் பூஜ்யம். 25ஐத் தொட்டால் 3. ஓர் அளவீட்டுக்குத் தரப்படும் உச்ச மதிப்பெண் அதுதான். அந்தப் பெரியவர் எங்கள் சார்ட்டில் பூஜ்யமாக இருந்தார்.

செவிலியர் கல்வியின் தரம் என்று பேச்செடுத்தாலே கட்டிடம், ஆய்வகம், தேர்ச்சி விகிதம் என்று போய்விடுகிறோம். ஆசிரியர் எதைத் திருத்துகிறாரோ அதைத்தான் மாணவர் கற்கிறார். நாங்கள் திருத்துவது ரெக்கார்டு நோட்டை. ஓரக்கோடு நேராக இருக்கிறதா, தலைப்புக்கு அடிக்கோடு உண்டா, படத்துக்கு வண்ணம் தீட்டியாயிற்றா? சீனியரின் நோட்டைப் பார்த்து இரவு ஒரு மணி வரை எழுதிய பிள்ளை, காலை ஏழரைக்கு வார்டில் தூக்கக் கலக்கத்தோடு நிற்கிறது. இல்லாத நோயாளிக்கு எழுதப்பட்ட அழகான பராமரிப்புத் திட்டங்களில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. வருகைப் பதிவேட்டில் அது சரியாகவே இருக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், மூன்று மாடிகளில் சிதறிக் கிடந்த இருபத்தைந்து பேருக்கு நான் ஒருத்தி. ஆய்வுக் குழு வரும் மாதமென்றால் அந்த ஒருத்தியும் கோப்பு அடுக்கப் போய்விடுவாள்.

2021இல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் செமஸ்டர் முறைக்கு மாறியபோது, செய்துகாட்டும் திறனைப் பார்க்கும் ஆஸ்கி தேர்வும் அதில் இடம்பெற்றது. நல்ல மாற்றம்தான். ஆனால் தேர்வு நாளில் மட்டும் கையைப் பார்த்துவிட்டு மற்ற நாளெல்லாம் நோட்டைப் பார்த்தால் என்ன பயன்? (எங்கள் ஆய்வகப் பொம்மைக்கு மூச்சே கிடையாது என்பது வேறு கதை.)

பொய் எண்ணுக்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல, பயமும்தான். மாணவியாக இருந்தபோது, மில்லிக்கு 40 யூனிட் வீரியமுள்ள இன்சுலினை, மில்லிக்கு 100 யூனிட் வீரியத்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்திருக்க வேண்டும். ஊசி போட்டிருந்தால் தேவையான மருந்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் உடலுக்குள் போயிருக்கும். வார்டு சிஸ்டர் தடுத்துவிட்டார். தடுத்தவர், இருபது கட்டில்களுக்கும் கேட்கும்படி, "உன்னையெல்லாம் யார் இந்தப் படிப்புக்கு அனுப்பியது?" என்றார். மூடியின் நிறத்தை அதன்பின் நான் மறக்கவில்லை. ஆனால் சந்தேகம் கேட்பதையும் ஓராண்டுக்கு நிறுத்திவிட்டேன். எது பெரிய நஷ்டம் என்று இன்னும் யோசிக்கிறேன். இப்போது ஒவ்வொரு புது அணியிடமும் இந்தக் கதையை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

வார்டில் முதல் அரை மணி நேரம் நோட்டுக்கு இடமில்லை. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே மூச்சை எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். அதே நிமிடம் நானும் எண்ணுவேன். முதலில் மாணவி சொல்ல வேண்டும், பிறகுதான் நான். இதனால் ரெக்கார்டு திருத்தம் பின்தங்குகிறது. முதல்வரிடம் பேச்சும் வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு மாணவி வேகமாக வந்தாள். "மேடம், பன்னிரண்டாம் கட்டில் அம்மாவுக்கு 28 வருகிறது. இரண்டு முறை எண்ணிவிட்டேன்."

"காலையில் 20தானே?" என்றார் பணியிலிருந்த சிஸ்டர்.

"நான் எண்ணியபோது 28, சிஸ்டர்."

நான் போய் எண்ணினேன். 26 வந்தது. அவளை மறுபடி எண்ணச் சொல்லிவிட்டு, டியூட்டி மருத்துவருக்குத் தொலைபேசியை எடுத்தேன்.