திங்கட்கிழமைகளில் தூங்கும் பையன்

ஒன்பதாம் வகுப்புப் பையன். அம்மா ஆலோசனைக்கு என்னிடம் கூட்டி வந்திருந்தார். கையிலிருந்த மஞ்சப்பைக்குள் மாற்றுச் சான்றிதழ். "கூல் லிப் வச்சிருந்தான்னு டிசி குடுத்துட்டாங்க மேடம்." கீழுதட்டை இழுத்துக் காட்டச் சொன்னேன். ஈறை ஒட்டிய இடம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

கூல் லிப்பைப் பார்த்திராத பெற்றோருக்குச் சொல்கிறேன். டீத்தூள் பையைச் சிறிதாக்கியது போன்ற புகையிலைப் பொட்டலம் அது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் நிகோடின் வாயின் மென்தோல் வழியே ரத்தத்தில் கலந்துவிடும். புகை இல்லை, துப்பவும் வேண்டாம். ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் வாயில் இருக்கும்.

யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்று கேட்டேன். அதற்குத்தான் வாய் திறந்தான். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறான். சனி ராத்திரி முழுக்கக் காய் நறுக்கி, ஞாயிறு பந்தி பரிமாறி, இலை எடுத்து முடிக்கும்போது மாலையாகிவிடும். "தூக்கம் வராதுடா, வச்சுக்கோ" என்று கூட வேலை பார்க்கும் அண்ணன் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே சொன்னான்: "வேலை இல்லாத நாள்லயும் தூக்கம் வரமாட்டேங்குது மேடம். அப்பா இருமுற சத்தம் கேக்குற மாதிரியே இருக்கு." அப்பா இறந்து ஒன்றரை வருடம்.

இதைப் புகையிலைப் பழக்கம் என்று எழுதுவதா, துக்கம் என்று எழுதுவதா? என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

வகுப்பாசிரியையிடம் பேசினேன். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். பள்ளி திறந்த பிறகு வந்த ஐந்து திங்கட்கிழமைகளில் மூன்றில் ஆள் இல்லை. வந்த இரண்டு நாளும் மேசைமேல் தலை. "சோம்பேறின்னு நெனச்சு வெளிய நிக்க வச்சேங்க" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதிவேட்டை இப்படிப் படிக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் உறுதிமொழி, பேரணி, புற்றுநோய் வந்த வாயின் படம். நானும் அந்த மேடைகளில் பேசியிருக்கிறேன். படத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஏற்கெனவே தொடாத பிள்ளைகள்தான். பழகிவிட்டவன் தலையைக் குனிந்துகொள்கிறான், அவ்வளவே.

பலன் தந்த வேலை நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் 'மைத்ரி' என்ற திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். வகுப்பில் செயல்பாடுகளை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற சக மாணவர்கள். இரண்டு ஆண்டு முடிவில், திட்டம் நடந்த பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 17 சதவீதம் குறைந்தது. நடக்காத பள்ளிகளில் 68 சதவீதம் கூடியது.

அதிலிருந்து எடுத்துக்கொண்ட இரண்டை நான் வகுப்பில் செய்கிறேன். பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் இரண்டு கேள்விகள்: இந்த வகுப்பில் எத்தனை பேர் போடுகிறார்கள் என்று நினைக்கிறாய்? நீ போடுகிறாயா? பாதிப் பேர் என்று எழுதுவார்கள். உண்மையில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைக் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பே அமைதியாகிவிடும். "எல்லாரும் போடுறாங்க" என்ற நினைப்பு அங்கேயே ஆட்டம் காணும். அடுத்தது மறுத்துப் பழகுவது. ஒருவன் அண்ணனாக நடிப்பான்: "என்னடா, அம்மா திட்டுவாங்களா?" எதிரில் நிற்பவன் தடுமாறுவான். மூன்றாவது தடவையில் ஒருத்தன் சொன்னான்: "வயித்தப் பொரட்டும்ணே, அப்புறம் பந்தியில யாரு நிப்பா?" நான் எழுதிக் கொடுத்த எந்த வசனமும் இந்த அளவுக்கு வராது.

எல்லாவற்றையும் ஆசிரியர் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் நடந்த 'செஹர்' ஆய்வில், ஒரே மாணவர் நலத் திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியரும் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகரும் நடத்தினார்கள். மனச்சோர்வும் சக மாணவரைத் துன்புறுத்துவதும் குறைந்தது ஆலோசகர் இருந்த பள்ளிகளில்தான். ஆசிரியர் கவனித்துச் சொன்னால் போதும். உட்கார்ந்து கேட்க, அதற்கென்றே ஓர் ஆள் பள்ளியில் இருக்க வேண்டும்.

டிசி கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தவருக்கு ஏழு ஆண்டுவரை சிறை என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். தண்டனை, புகையிலையைக் கொடுத்தவருக்குத்தான். பிள்ளையை வெளியே அனுப்பினால், நாள் முழுக்க அந்த அண்ணனோடுதான் இருப்பான்.

தலைமையாசிரியர் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். கணவரை இழந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு 'மிஷன் வத்சல்யா' என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு; மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுத்திருக்கிறோம். நிகோடினை விட்ட முதல் சில நாட்கள் தலைவலி, எரிச்சல் என்று படுத்தின. தாங்க முடியாத ராத்திரிக்கு 14416 என்ற எண்ணை, அரசின் 'டெலி மனாஸ்' மனநல உதவி எண்ணை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இப்போது ஆடி, முகூர்த்தம் கிடையாது. ஆவணியில் முகூர்த்தத்துக்கு அடுத்து வரும் திங்கட்கிழமைகளை நானும் அந்த ஆசிரியையும் நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.