ஓஆர்எஸ் பாக்கெட்டும் வீட்டு டம்ளரும்

பத்து மாதக் குழந்தை, இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓஆர்எஸ் தூளைக் கரைத்து விடாமல் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் தாகம் அடங்கவில்லை. தொட்டாலே வீறிட்டு அழுதது. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, 162. இது 135-லிருந்து 145-க்குள் இருக்க வேண்டும்.

"எதுல கலந்தீங்கம்மா?"

"டம்ளர்லதான் டாக்டர். ஒரு பாக்கெட்ட முழுசாப் போட்டேன். அப்பதானே தெம்பு வரும்?"

அந்த எவர்சில்வர் டம்ளர் அவர் பையிலேயே இருந்தது. சிஸ்டர் அதில் தளும்பத் தண்ணீர் பிடித்து அளவு ஜாடியில் ஊற்றினார். 180 மில்லி. பாக்கெட்டோ ஒரு லிட்டருக்கானது. ஐந்தரை மடங்கு கெட்டியான கரைசல் அந்தச் சின்ன வயிற்றுக்குள் போயிருக்கிறது. சோடியத்தைச் சட்டென்று இறக்கினால் மூளை வீங்கி வலிப்பு வரும். அதனால் இரண்டு நாள் கூடவே இருந்து சிறுகச் சிறுக இறக்கினோம். பிள்ளை தேறிவிட்டது.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். "தண்ணியில கலந்து குடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோமே, அங்கேதான் தவறு தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் 20.5 கிராம் தூள் இருக்கும். குளுக்கோஸும் உப்பும் சரியான விகிதத்தில் நீர்த்திருந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். கெட்டியாகிவிட்டால் உடம்பிலுள்ள நீரையே குடலுக்குள் இழுக்கும். போக்கு இன்னும் கூடும்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அதைக் கழுவி, கொதித்து ஆறிய நீரை அளந்து, பாக்கெட் முழுவதையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்க வேண்டாம். எந்த உப்பு எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. குறைவாகப் போதுமென்றால் 200 மில்லிக்கான சிறிய பாக்கெட் வாங்குங்கள். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சால் 20 முறை தண்ணீர் விட்டு, ஒரு டம்ளரில் 200 மில்லிக்குக் கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூன் என்றால் 5 மில்லி, அதுவும் தலைதட்டி. குவித்து அள்ளினால் உப்பு ஏறிவிடும். குழம்புக் கரண்டி கூடவே கூடாது.

காய்ச்சல் மருந்திலும் இதே ஆபத்து உண்டு. பாராசிட்டமால் டிராப்ஸ் பலவற்றில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். 5 மில்லிக்கு 125 என்று எழுதிய சிரப்பில் ஒரு மில்லிக்கு 25தான். சிரப்பின் அளவில் டிராப்ஸைக் கொடுத்தால் நாலு மடங்கு உள்ளே போகும். பாட்டில் மாறினால் சீட்டில் எழுதிய மில்லியும் மாறும். கடையில் வேறு பாட்டில் கொடுத்தால், குழந்தையின் எடையைச் சொல்லி எங்களிடம் மறுபடி கேளுங்கள். ராத்திரி பத்து மணியானாலும் கேளுங்கள்.