நாக்ஸோஸின் மலைப்பக்கம் போகிறீர்களா? கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஐரோப்பா டூர் கேட்டு வருபவர்களில் சில வருடங்களாக ஒரு புது ரகம் சேர்ந்திருக்கிறது. "சாண்டோரினி வேண்டாம், படத்துல பார்த்துப் பார்த்தே சலிச்சுப்போச்சு. யாரும் போகாத கிரேக்கத் தீவா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். அப்படி ஒரு தீவு மிச்சம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் போகிற தீவிலேயே யாரும் அதிகம் எட்டிப் பார்க்காத பக்கம் உண்டு. அதற்காக நான் ஆட்களை அனுப்பும் தீவு நாக்ஸோஸ். அனுப்பும் முன் உட்காரவைத்துச் சொல்லும் விஷயங்களை இங்கே எழுதிவைக்கிறேன். ஃபோனில் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

ஏஜியன் கடலின் சிக்லேட்ஸ் தீவுக்கூட்டத்தில் பெரியது நாக்ஸோஸ். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாதாரணக் கப்பலில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். துறைமுகத்துப் பக்கத்திலேயே போர்தாரா நிற்கிறது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி, முடிக்காமல் விட்ட கோயிலின் பளிங்கு வாசல் அது. வருகிற கூட்டத்தில் பாதி அதன் நடுவே சூரியன் இறங்குவதைப் படம் பிடிக்கும், மேற்குக் கரை மணலில் இரண்டு நாள் படுக்கும், அடுத்த கப்பலைப் பிடிக்கும். உள்ளே மலை ஏறினால் ஊரே வேறு.

ஹால்கி என்ற சிற்றூரில் 1896-இலிருந்து நார்த்தை இலையில் மது வடிக்கும் ஒரு சிறு ஆலை இருக்கிறது. அபிராந்தோஸில் தெருவுக்கே பளிங்குக்கல் பாவியிருக்கிறார்கள். 1941-இல் ஏதென்ஸின் பழங்காலக் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸ் மேல் ஏறி நாஜிக் கொடியை இறக்கிய இருவரில் ஒருவரான மனோலிஸ் கிளேஸோஸ் பிறந்தது அந்த ஊரில்தான். அதற்கும் வடக்கே கோரோனோஸ் சுற்று வட்டாரத்தில் எமரிக் கல் வெட்டினார்கள். நம் தச்சர்கள் கையில் இருக்கும் உப்புத்தாளில் ஒரு காலத்தில் ஒட்டிய அதே கல். மலையிலிருந்து முட்சூனா துறை வரைக்கும் 1920-களில் கம்பிவடம் போட்டு, தொட்டிகளில் கல்லை இறக்கியிருக்கிறார்கள். அந்தத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. துருப்பிடித்த தொட்டிகள் சில அங்கங்கே வடத்தில் தொங்குகின்றன. பழைய சுரங்க வாய்களில் சில திறந்து கிடக்கின்றன. வெளியே நின்று பாருங்கள், டார்ச் இருக்கிறதே என்று உள்ளே நுழையாதீர்கள்.

எனக்குப் பிடித்தது தீவின் வடகோடியில் இருக்கும் அப்போலோனாஸ். ஊருக்கு மேலே பழைய கல்குவாரியில் ஏறக்குறைய 10.7 மீட்டர் நீளத்தில் ஒரு சிலை மல்லாந்து கிடக்கிறது. பாறையிலேயே செதுக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்கள். முகத்தில் தாடி தெரிகிறது. கை இருக்க வேண்டிய இடத்தில் சதுரக் கட்டையாகக் கல் நீண்டிருக்கிறது. உடம்பு முழுக்க உளிக் கொத்தல். கிட்டே போய் விரலை வைத்தால் ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தட்டுப்படும். ஏறக்குறைய 2,600 வருடத்துக் குழிகள். டிக்கெட் கவுன்டர் கிடையாது. நான்கு பேர் சேர்ந்து நின்றால் அன்றைக்கு அது கூட்டம்.

அந்த அழகுக்கு ஒரு விலை இருக்கிறது. கூட்டம் இருக்கும் இடத்தில் கூட்டமே ஒரு பாதுகாப்பு. மயங்கி விழுந்தால் யாராவது பார்ப்பார்கள், தண்ணீர் விற்கும் கடை இருக்கும், டாக்ஸி நிற்கும், நேரமானால் காவலாளி விசில் ஊதுவார். கூட்டத்தை விட்டு விலகும்போது இதையெல்லாம் சேர்த்துத்தான் விட்டு விலகுகிறோம். பலருக்கு இது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைக்கிறது.

2024 ஜூனில் கடும் வெயில் அடித்தபோது அரசாங்கமே அக்ரோபோலிஸை நண்பகலிலிருந்து மாலை 5 மணி வரை மூடியது. அதே மாதம் வெவ்வேறு கிரேக்கத் தீவுகளில் நடக்கப் போன வெளிநாட்டுப் பயணிகள் அடுத்தடுத்துக் காணாமல் போனார்கள், சிலர் இறந்தார்கள். சிமி தீவில் பிரிட்டிஷ் டிவியில் பெயர்பெற்ற மருத்துவர் மைக்கேல் மோஸ்லி பிற்பகலில் தனியாக நடக்கப் போனவர், நான்கு நாள் தேடலுக்குப் பின் ஒரு கடற்கரைக்கு மிக அருகில் சடலமாகக் கிடைத்தார். என்ன காரணத்தால் இறந்தார் என்று விசாரணையில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உடல்நலத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். அக்ரோபோலிஸுக்குக் கதவு இருக்கிறது, மூடினார்கள். மலைப்பாதையை யார் மூடுவது?

"வெயிலா? நாங்க வேலூர்க்காரங்க!" இதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! வேலூர் வெயிலில் சட்டை நனையும், உடனே நிழலுக்கு ஒதுங்குவோம். நாக்ஸோஸில் காற்று வறண்டது, அதோடு வீசிக்கொண்டே இருக்கும். வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். உடம்பு தண்ணீர் இழப்பது தெரியாது, "ஜில்லுன்னு இருக்கே" என்று நடந்துகொண்டே இருப்பார்கள். ஒதுங்கலாம் என்றால் ஒதுங்க மரமும் இல்லை.

நான் அனுப்பிய மதுரைக் குடும்பம் ஒன்று ஜூன் கடைசியில் ஸாஸ் மலை ஏறியது. சிக்லேட்ஸ் தீவுகளிலேயே உயரமானது, 1,000 மீட்டரைச் சற்றுத் தாண்டும். விடியற்காலையில் ஏறச் சொல்லியிருந்தேன். ஹோட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கு ஏறினார்கள். குடும்பத் தலைவருக்கு அறுபதைத் தாண்டிய வயது, தினமும் நடக்கிறவர். இறங்கும் வழியில் உட்கார்ந்தவர், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறார். களைப்பு என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. மேலிருந்து இறங்கிய ஜெர்மன் தம்பதி அவர் தலையிலும் கழுத்திலும் தண்ணீரை ஊற்றி, துணியால் நிழல் பிடித்து, அவசர உதவி எண்ணான 112-க்கு ஃபோன் போட்டிருக்கிறார்கள். பிழைத்தார். வெயிலில் ஒருவர் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, அது களைப்பு அல்ல. உடம்பைக் குளிர்விப்பதும் உதவிக்கு அழைப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

ஸாஸுக்கு இரண்டு வழி. ஆரியா ஊற்றுப் பக்கமிருந்து குகை வழியாக ஏறுவது செங்குத்து, காலடியில் கல் உருளும். ஆயியா மரினா என்ற சிறு தேவாலயத்திலிருந்து ஏறுவது சாது. அதிலேயே ஏறி அதிலேயே இறங்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். பத்து மணிக்கு அடிவாரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். எந்த வழியில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தங்கும் இடத்துக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பள்ளங்களில் சிக்னல் போய்விடும். நீங்கள் வரவில்லையே என்று தேட ஒருவராவது வேண்டும்.

அடுத்தது காற்று. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தேமி வீசும். நமக்குப் புயல் என்றால் கருமேகம், மழை. இங்கே வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், துறைமுகத்தில் கப்பல் மட்டும் வராது. காற்றின் வேகத்தை அளக்கும் போஃபோர்ட் கணக்கில் 8-ஐத் தொட்டால் பெரும்பாலும் புறப்படத் தடை விதித்துவிடுவார்கள். சிறிய அதிவேகக் கப்பல்களுக்கு அதற்கும் முன்பே தடை வரும். கப்பல் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கலாம் அல்லது தேதி மாற்றலாம். ஏதென்ஸிலிருந்து தோஹா வழியாகச் சென்னை வரும் விமான டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் தங்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. "ஒரு நாள் வீணாகுதே" என்று முனகுவார்கள். முனகட்டும்.

அதே காற்றால் கடலிலும் ஒரு ஆபத்து உண்டு. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது தண்ணீர் அலையில்லாமல் குளம் மாதிரி இருக்கும். குழந்தையைக் காற்றடைத்த மிதவையில் உட்காரவைக்கத் தோன்றும். அன்றைக்குத்தான் வைக்கக் கூடாது. மிதவை போகும் வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாது. ஒதுங்கிய கடற்கரையில் உயிர்காப்பாளரும் இருக்கமாட்டார்.

சரி, வண்டி. அப்போலோனாஸுக்கு வரைபடத்தில் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். மலை வழியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல், அத்தனையும் வளைவு, நடுநடுவே ஆட்டு மந்தை. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை நம் ஊர் ஆர்டிஓவில் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமலும் சில இடங்களில் வண்டி கொடுத்துவிடுவார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் காகிதம் அதுதான். வாடகை வண்டி இன்சூரன்ஸ் பெரும்பாலும் டயருக்கும் அடிப்பாகத்துக்கும் பொருந்தாது, மண் ரோட்டுக்கும் பொருந்தாது. கூகுள் மேப் காட்டும் குறுக்கு வழி பெரும்பாலும் மண் ரோடாகத்தான் இருக்கும். நான்கு சக்கர பைக் பற்றி என் அபிப்பிராயம் ஒரே வார்த்தை: வேண்டாம். பெட்ரோலை ஹோராவிலேயே, அதாவது துறைமுக நகரத்திலேயே, நிரப்பிக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு மலையூர்களில் பஞ்சமில்லை. வேகவைத்த காட்டுக்கீரை, மஞ்சள் பருப்பு மசியல், தீவின் பெயர்பெற்ற உருளைக்கிழங்கு என்று வயிறு நிறையும். ஒன்றே ஒன்று: இணையத்தில் படித்துவிட்டு "நிஸ்தீசிமா", அதாவது விரதச் சாப்பாடு, என்று கேட்கிறார்கள். அவர்கள் விரதத்தில் இறைச்சி, பால், முட்டை இல்லை, ஆனால் இறாலும் கணவாயும் உண்டு. தட்டில் ஆக்டோபஸ் வந்து உட்கார்ந்த பிறகு சர்வரைக் கோபித்துப் பயனில்லை.

அப்புறம், தரையில் கிடக்கும் பழைய பானை ஓடு, பளிங்குச் சில்லு எதையும் நினைவுக்கென்று பையில் போடாதீர்கள். கிரேக்கத்தில் தொல்பொருள் சட்டம் கடுமையானது. விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்கு.

ஷெங்கன் விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். எடுத்ததோடு சரி, யாரும் படிப்பதில்லை. மலை நடையும் ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள். தீவில் ஒரு மருத்துவமனை இருக்கிறது, பெரிய பிரச்சினை என்றால் ஏதென்ஸுக்குத்தான் மாற்றுவார்கள். ஃபோனில் 112 எச்சரிக்கைச் செய்தியை அணைத்து வைக்காதீர்கள். காட்டுத்தீ மாதிரி ஏதாவது என்றால் அந்தப் பகுதியில் இருக்கும் ஃபோன்களில் சைரன் போல அலறிக்கொண்டு கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் செய்தி வரும். எந்த ஊரைக் காலி செய்யச் சொல்கிறார்கள், எந்தப் பக்கம் போகச் சொல்கிறார்கள் என்று அதிலேயே இருக்கும்.

ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவை ஒட்டிப் போகிறவர்கள் மட்டும் அறையை மாதக்கணக்கில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஃபிலோத்தி ஊரில் அப்போது இரவெல்லாம் வயலினும் ஆட்டமும்தான். ஏதென்ஸில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் ஊர் திரும்பியிருப்பார்கள். உங்களுக்கென்று கடைசி நேரத்தில் கட்டில் தேட என்னாலும் முடியாது.