'டேஸ்டிங்தானே அக்கா' என்பவர்களுக்கு

நான் இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் பெரிய மளிகைக் கடை சிலவற்றுக்குள்ளேயே பார் உண்டு. காய்கறிப் பகுதியைத் தாண்டினால் சீஸ் கவுண்டர். அதை ஒட்டி வரிசையாக பீர் குழாய்கள், நாலைந்து உயரமான ஸ்டூல்கள். அதே கூரையின் கீழ் இன்னொரு மூலையில் பார்மசி. நான் நிற்பது அங்கேதான். சனிக்கிழமை மாலையானால் அந்த ஸ்டூலிலிருந்து எழுந்து நேராக என்னிடம் வருபவர்கள் அதிகமாகிக்கொண்டே போகிறார்கள். அதில் நம் ஆட்களும் உண்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குடிக்காதே என்று உபதேசம் செய்ய வரவில்லை. அமெரிக்காவில் தயாராகும் சீஸில் கால்வாசி இந்த ஒரு மாநிலத்தில்தான் தயாராகிறது. கோல்பி என்ற சீஸ் பிறந்ததே 1885இல் இங்கே கோல்பி என்ற ஊரில்தான். ஸ்பாட்டட் கவ் பீரை மாநில எல்லையைத் தாண்டி விற்பதே இல்லை. இங்கே வந்தவர்கள் ருசி பார்க்க ஆசைப்படுவதில் தப்பில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று: என்ன மாத்திரை போட்டுக்கொண்டு ருசி பார்க்கிறீர்கள்?

கடைசியாக வந்தவர் முப்பது வயதுக்காரர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முகமும் கழுத்தும் செக்கச் செவேலென்று இருந்தன. வியர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, தலைவலி தாங்க முடியவில்லை. "அலர்ஜி மாத்திரை ஏதாவது குடுங்க" என்றார் கூட வந்த நண்பர். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். தமிழ்ப் பெயராக இருக்கவே தமிழில் கேட்டேன். அப்போதுதான் வந்தது: "டிபி மாத்திரை மட்டும் அக்கா. அது மருந்தில்ல, சும்மா தடுப்புக்குத்தான். அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை."

வாரத்துக்கு ஒரு தடவைதான். ஆனால் அந்த ஒரு தடவைக்கு எத்தனை மாத்திரை தெரியுமா? ஐசோனியசிட் மூன்று, ரிஃபாபென்டைன் ஆறு, கூடவே பி6 ஒன்று. பத்து! லீவு நாள் வசதி என்று சனிக்கிழமை காலையில் போட்டிருக்கிறார். அன்று மாலையே ஒரு பலகை நிறைய பழைய செடார், நீலம் பூத்த சீஸ், கூடவே குழாய் பீர். ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு 911ஐக் கூப்பிட்டோம். அன்றிரவே வீடு திரும்பிவிட்டார், நல்லவேளை.

கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் உள்ளுறை காசநோய் (நோயாக வெளிப்படாமல் கிருமி மட்டும் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் நிலை) தெரியவந்து இந்த மாத்திரையைத் தொடங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். (சின்ன வயதில் போட்ட பிசிஜி ஊசியால்தான் பாசிட்டிவ் என்று வாதாடாதீர்கள். தோலில் குத்திப் பார்க்கும் பழைய சோதனைக்குத்தான் அந்தக் குழப்பம் உண்டு, ரத்தப் பரிசோதனைக்குக் கிடையாது.) மாத்திரை தரும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று சொல்கிறோம், அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. சீஸ் பற்றிச் சொல்வது மட்டும் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

பழுத்து முதிர்ந்த சீஸில் டைரமின், ஹிஸ்டமின் என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கும். உடம்பில் அவை தேங்கினால்தான் அந்தச் சிவப்பும் படபடப்பும் தலைவலியும். அவற்றை உடம்பு சிதைக்கும் வழியை ஐசோனியசிட் மந்தப்படுத்துகிறது. பழைய செடார், புளூ, பார்மேசான், லிம்பர்கர் இவையெல்லாம் சிகிச்சை முடியும்வரை வேண்டாம். சூரை மீனும் வேண்டாம். சூடாக்கினால் போய்விடுமா என்று கேட்காதீர்கள், போகாது. பன்னீர், காட்டேஜ் சீஸ், கடித்தால் கிரீச்சிடும் புதிய சீஸ் கர்ட்ஸ் இவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பார் குழாயில் வரும் பாஸ்டரைஸ் செய்யாத பீரில் டைரமின் கூடுதலாக இருக்கலாம். போத்தலில் வரும் சாதாரண லாகரில் அவ்வளவு இருக்காது. ஆனால் ஐசோனியசிட் சாப்பிடுபவருக்கு அந்த லாகரும் கூடாது, காரணம் கல்லீரல். மீதி ஆறு நாள் குடிக்கலாமா என்பவர்களுக்கும் இதே பதில்தான். சிறுநீர் ஏற்கெனவே ஆரஞ்சாக இருப்பதால் மஞ்சள் காமாலை அதில் தெரியாது. பசி செத்துப்போனாலோ, குமட்டினாலோ, கண்ணின் வெள்ளை மஞ்சளித்தாலோ அடுத்த தவணை மாத்திரையைத் தொடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சரி, இப்போது என்னை அதிகம் எரிச்சலூட்டும் வாக்கியத்துக்கு வருகிறேன். "டேஸ்டிங்தானே அக்கா, குட்டிக் குட்டி கிளாஸ்."

அந்த குட்டி கிளாஸ் எவ்வளவு என்று யாராவது பார்த்தீர்களா? ஒன்று 5 அவுன்ஸ், கிட்டத்தட்ட 150 மில்லி. பீர் டேஸ்டிங்குக்கு ஒரு பலகையில் வைத்துத் தருவார்கள், அதில் நான்கு வரும். ஆக 600 மில்லி. நம்மூர் பெரிய பீர் பாட்டில் 650. இது அளவு மட்டும்தான், இனிதான் கணக்கே. அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்று மருத்துவர்கள் சொல்வது 5 சதவீத பீர் 355 மில்லி, அதாவது 14 கிராம் ஆல்கஹால். உள்ளூர் பீர்களை ருசி பார்க்கிறவர் சாதாரண லாகரோடு நிறுத்துவாரா? 5 சதவீத லாகர், 6.5 சதவீத ஐபிஏ, 8.5 சதவீத டபுள் ஐபிஏ, கடைசியாக காபி வாசனை அடிக்கும் இம்பீரியல் ஸ்டவுட் 11 சதவீதம். கூட்டிப் பாருங்கள்: சுமார் 36 கிராம். இரண்டரை டிரிங்குக்கும் மேல். அந்த ஸ்டவுட் கிளாஸ் ஒன்று மட்டுமே ஒரு முழு டிரிங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. பலகைக்கு ஒரு விலை என்பதால் ஒரு தடவை குடித்த மாதிரி மனசு கணக்குப் போடுகிறது. "ஹாட் எதுவும் தொடலையே, பீர்தானே" என்கிறீர்கள். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. எத்தனை கிராம் வந்தது என்பதுதான் அதற்குக் கணக்கு, ஒரு டிரிங்கைக் கரைக்க சுமார் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

சீஸ் சாப்பிட்டால் ஏறாது என்பதும் பாதி உண்மைதான். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மெதுவாக ஏறும். உள்ளே போனதை சீஸ் உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. தெளிவாக இருக்கிறோம் என்று நம்பி பார்க்கிங்கில் காரை எடுப்பது இதனால்தான். இங்கே முதல் முறை பிடிபட்டால் கிரிமினல் குற்றமில்லை, அபராதம்தான் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். விஸ்கான்சின் சட்டத்தில் அது சரி. உங்கள் விசாவுக்கு அது பொருந்தாது. குடித்து ஓட்டிக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு. எனக்கு சட்டம் தொழிலில்லை, வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் ஊபரில் போங்கள்.

மற்ற மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்கான பழைய ரக மாத்திரைகளான ஃபினெல்சின், ட்ரானில்சிப்ரமின் சாப்பிடுபவர்கள் முதிர்ந்த சீஸ் பக்கமே போகாதீர்கள், நிறுத்திய பிறகும் இரண்டு வாரத்துக்குத் தொடாதீர்கள். லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் இதே எச்சரிக்கை உண்டு. மனச்சோர்வுக்கே இன்று பரவலாகத் தரும் செர்ட்ரலின் போன்றவற்றுக்கு இந்தச் சீஸ் பயம் இல்லை, பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு போடுபவர்கள் பீர் குடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்தால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோவை அடுத்த நாள் தலைவலிக்கு மணிக்கொரு தரம் போடாதீர்கள். கர்ப்பிணிகளே, பீர் வேண்டாம் என்பது உங்களுக்கே தெரியும். பிரீ மாதிரி மென்மையான சீஸும் வேண்டாம், லிஸ்டீரியா கிருமி உங்களைத் தாக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட பத்து மடங்கு. சைவர்களே, பாலைத் திரைத்து சீஸாக்கும் ரென்னட் எதிலிருந்து எடுத்தது என்று கவுண்டரில் கேளுங்கள், கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுப்பார்கள்.

பீருக்காக மாத்திரையை ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள் தம்பி. மொத்தமே 12 வாரம். சீஸ் எங்கேயும் ஓடிப்போகாது, வைக்க வைக்க ருசிதான் கூடும்.

எங்கள் கவுண்டர் சனிக்கிழமை ஆறு மணிக்கு மூடிவிடும். பார் ஒன்பது வரை. கேட்க வேண்டியதை உட்காருவதற்கு முன்பே வந்து கேளுங்கள், காசு எதுவும் வாங்க மாட்டோம்.